சீல் பிரியாத கியர்பாக்ஸ்

ஓசூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக். பிள்ளைகள் கைவேலை பழகட்டும் என்று ஒரு கம்பெனி அங்கே கியர்பாக்ஸ் ஒன்றைக் கொடுத்தது. கொடுத்ததுதான் கொடுத்தது, 'சீலைப் பிரித்தால் வாரண்டி கிடையாது' என்று ஸ்டிக்கரும் ஒட்டிக் கொடுத்தது. மூன்று வருஷமாக ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததைத் தவிர, பிள்ளைகள் அதில் ஒரு வேலையும் பார்க்கவில்லை.

இந்த வருஷ விழாவுக்குக் கம்பெனி மேனேஜர் வைத்தீஸ்வரன் மாலையும் கழுத்துமாக வந்து நின்றார்.

"சீலைத் தொடாமல், உள்ளே பெரிய கியரில் எத்தனை பல் என்று சொல்லுங்கள். சொன்னால் நீங்கள் செய்கிற பந்தய வண்டிக்கு எல்லாச் சாமானும் நாங்கள் தருகிறோம்!"

இரண்டாம் வருஷம் படிக்கும் செங்கமலம் எழுந்தாள்.

"நாற்பது சார். அதுல ஒண்ணு உடைஞ்சிருக்கு."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. "எங்க கம்பெனி கியர்ல பல் உடையறதா?" என்று ஸ்டிக்கரைக் கிழித்தார். ஸ்பானரை வாங்கி மூடியைக் கழற்றினார். விரலை விட்டு எண்ணினார்.

"முப்பத்தாறு! ஒண்ணும் உடையலை. தோத்துட்டே!"

"தோத்துட்டேன் சார். ஆனா சீலைப் பிரிச்சது நான் இல்லையே. இனிமே நாங்க தாராளமா கழற்றிப் படிச்சுக்கறோம்."

அரங்கமே சிரித்தது. மேனேஜர் கிரீஸ் படிந்த தன் விரல்களைப் பார்த்தார். கையில் கிரீஸ் பட்டு எத்தனை வருஷமாயிற்றோ! மாலையைக் கழற்றிப் பிரின்சிபால் கழுத்தில் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்தார்.

"அந்தப் பக்கம் பிடிம்மா. பிரிக்கறதுன்னு ஆயிடுச்சு, ஒழுங்காப் பிரிப்போம்."