மாசிலாமணியை யாரும் மறுக்கவில்லை

உமையாள் அம்மையின் மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் விளக்கேற்றிய பிறகு யாராவது ஒருவர் கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்து, தனக்கு உண்மையென்று பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். சுற்றி இருப்பவர்கள் அதை மறுப்பார்கள். தயவு தாட்சண்யம் கிடையாது. எல்லாரும் மறுத்து ஓய்ந்த பிறகு ஏதாவது மிஞ்சினால் அதை அவர் தன்னுடையது என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

மறுப்பதில் சபாபதியை அடித்துக்கொள்ள ஆளில்லை. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர். கறுப்பு அங்கியைக் கழற்றினாரே தவிர நாக்கைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. வயதில் அம்மைக்கே மூத்தவர். அவரிடம் மாட்டியவர்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் அவர் மறுக்காமல் விட்டுவிட்டால் இன்னும் மோசம். மறுக்கக்கூட லாயக்கில்லாததைப் பேசிவிட்டோமோ என்று குமைந்து போவார்கள்.

அந்த மடத்துக்கு மாசிலாமணி வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. இங்கே நடக்கும் வாதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதற்காகவே வேலையை விட்டு வந்ததாகச் சொன்னார்.

அவரைப் பார்த்ததும் சபாபதிக்கு மனம் இளகிவிட்டது. அவர் சாப்பிட்ட தட்டைப் பிடுங்கித் தானே கழுவினார். கைத்தடியோடு தன்பாட்டுக்கு நடந்து வருகிறவரைக் கேட்காமலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மாலையில் விளக்குக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் போட்டார். விளக்கு வெளிச்சம் அவருக்கு எதற்கு என்று சபாபதிக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை.

மாசிலாமணியின் முறை வந்தது. பேசி முடித்தார். எல்லாரும் சபாபதியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"அருமை," என்றார் சபாபதி. "கண்ணிருக்கிற எங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுது தம்பி."

அருமை, அருமை என்று கூடமே சொன்னது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாசிலாமணி முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். வேறு ஒரு பேச்சும் வரவில்லை. அடுத்த முறையும் இதே கதைதான். அதற்கடுத்த முறையும்.

ஒருநாள் காலையில் அவர் துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகிறேன் என்று அம்மையிடம் சொல்லிவிட்டார். சேதி தெரிந்ததும் சபாபதி விறுவிறுவென்று அடுக்களைக்குப் போனார். அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அவருக்கு இங்க என்னம்மா குறை வச்சோம்?" என்று கேட்டார்.

தட்டு கழுவியதையும் கையைப் பிடித்து நடத்தியதையும் வரிசையாகச் சொன்னார். ஒருவர்கூட அவர் மனம் நோக ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றார். இவ்வளவு செய்தும் இப்படிப் போகிறாரே என்று அவருக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது.

அம்மை ஒரு பூச்சி அரித்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"இன்னிக்குச் சாயங்காலம் நீங்க பேசுங்க," என்றார். "அவரையும் இருந்து கேட்டுட்டு, நாளைக்குப் போகச் சொல்லியிருக்கேன்."

சபாபதிக்கு அது போதும். பகல் முழுக்க மனதுக்குள் பேச்சை அடுக்கினார். அதே பகலில் அம்மை மற்றவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொல்லி வைத்தது அவருக்குத் தெரியாது. மாசிலாமணியிடம் மட்டும் அம்மை எதுவும் சொல்லவில்லை.

மாலையில் சபாபதி நடுவில் உட்கார்ந்தார். கோபத்தைப் பற்றிப் பேசினார். கோபப்படுகிறவன் அடுத்தவனுக்குக் கெடுதல் செய்வதற்கு முன்னால் தனக்கே செய்துகொள்கிறான், ஆகையால் கோபத்தால் ஒருவனுக்கு எந்தக் காலத்திலும் நஷ்டம்தான் என்று முடித்துவிட்டு, வாருங்கள் பார்க்கலாம் என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார்.

"அருமை," என்றார் அம்மை.

அருமை என்றார்கள் எல்லாரும். முதலில் அவருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. பிறகு என்னவோபோல் இருந்தது. தன் பேச்சில் ஓட்டை இருந்த இடம் அவருக்கே தெரியும். அதை அடைக்கப் பதிலும் தயாராக வைத்திருந்தார். அந்தப் பக்கம் யாரும் வரவில்லை.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று வேண்டுமென்றே உளறினார். இந்த மடத்திலேயே கோபம் வராத ஒரே ஆள் தான்தான் என்றார். அதற்குச் சிரிக்காமல் இருக்க அங்கே ஒருவராலும் முடிந்திருக்கக் கூடாது.

"அருமை," என்றார்கள்.

சபாபதிக்கு முகம் சிவந்தது. நான் சொன்னது பச்சைப் பொய் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லையா என்று இரைந்தார். முந்தின நாள்தான் அவரிடம் கிழிபட்டிருந்த ஒரு பெண் மிகவும் கனிவாகச் சொன்னாள்.

"இந்த வயசுல இவ்வளவு கோர்வையா பேச வருதே, அதுவே பெரிய விஷயம் ஐயா."

செவிட்டில் அறைந்தாற்போல் இருந்தது. அந்தக் கனிவு அவருக்குத் தெரிந்த கனிவுதான். மாசிலாமணியிடம் பேசும்போது தினமும் அவர் வாயிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

அப்போது விளக்கின் பக்கமிருந்து மாசிலாமணி பேசினார்.

"ஐயா சொன்னது தப்பு. பார்வையில்லாதவன் பெரிய வகுப்புக்குப் பாடம் நடத்த முடியாதுன்னு தலைமை ஆசிரியர் என்னைச் சின்னப் பிள்ளைங்க வகுப்புல போட்டார். நான் கோபப்பட்டேன். மேல எழுதிப் போட்டுச் சண்டை பிடிச்சேன். பத்தாம் வகுப்பு கிடைச்சுது. அந்தக் கோபத்துல எனக்கு என்ன நஷ்டம்?"

ஓட்டை இருந்த இடம் அதுதான். தயாராக வைத்திருந்த பதில் அதன் முன்னால் நிற்காது என்று சபாபதிக்குக் கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது. இப்படி ஒரு மனிதனை உட்கார வைத்துத் தட்டு கழுவிக்கொண்டிருந்தோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தப்பு செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள், போகாதீர்கள் என்றார்.

"மன்னிப்பெல்லாம் எதுக்குங்கய்யா," என்றார் மாசிலாமணி. "முதல் நாள் நான் ஒண்ணு சொன்னேன். அடுத்த தடவை வேணும்னே அதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொன்னேன். ரெண்டுக்கும் அருமைன்னீங்க. ரெண்டுல எது தப்பு, ஏன் தப்புன்னு சொல்லுங்க. நான் போகலை."

சபாபதி வாயைத் திறந்தார்.

அந்தக் கூடத்தில் யார் என்ன சொன்னாலும் அவருக்கு மறக்காது. போன மழைக்காலத்தில் ஒருவர் சொன்னதைக்கூட வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பார். மாசிலாமணி பேசிய நாட்களை நினைத்துப் பார்த்தார். அவருடைய மூடிய கண்கள் நினைவுக்கு வந்தன. தன் நெஞ்சு இளகியது நினைவுக்கு வந்தது. தான் சொன்ன பாராட்டு முழுசாக நினைவுக்கு வந்தது. மாசிலாமணி என்ன சொன்னார் என்பதில் ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

மாசிலாமணி முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சபாபதி மெல்ல, மறுபக்கம் உட்கார்ந்திருந்த அம்மையின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, அன்னிக்கு அவர் என்ன சொன்னாரு?"

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க?" என்றார் அம்மை. "அவர் உங்க பக்கத்துலதானே உக்கார்ந்திருக்கார்."