பாவத்தை எடைபோட்ட தராசு

ஆறுகள் அணையை அறியாமல் ஓடிய காலம் அது, கேளுங்கள் பெரியோரே, சிறியோரே. வெண்குடி நாட்டை அதியரையன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். அங்கே தராசு செய்யும் கொற்றி என்றொரு பெண் இருந்தாள். ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய தராசாக இருந்தாலும், அவள் கைப்பட்டால் ஒரு பிடி அரிசிக்கும் சாயும்.

அப்படி ஒரு பெரிய தராசை அரண்மனைக்குச் செய்து கொடுத்தாள். நெல் நிறுக்கத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தாள். அமைச்சர் பெருஞ்சேந்தனோ அதை நீதி மண்டபத்தில் மாட்டிவிட்டார்.

"பாவத்துக்கு எடை உண்டு" என்றார் அவர்.

குற்றம் சாட்டப்பட்டவரை ஒரு தட்டில் உட்காரவைத்து, மறுதட்டில் சரிக்குச் சரியாகக் கல் வைப்பார்கள். பிறகு அவர் குளத்தில் முங்கி, சத்தியம் செய்துவிட்டு, மறுபடி வந்து உட்கார வேண்டும். தட்டு தாழ்ந்தால் குற்றவாளி. தாழாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

மூன்று ஆண்டுகளில் மூன்று பெண்களை நாடு கடத்தினார்கள். ஆண் ஒருவன்கூட மாட்டவில்லை. "பெண்களிடம்தான் பாவம் அதிகம். தராசே சொல்கிறதே!" என்றார் அமைச்சர். சபை தலையாட்டியது.

நான்காவதாக வந்த பெண் பூக்கட்டும் எயினி. கோயில் பதக்கத்தைத் திருடினாள் என்று வழக்கு. அன்று தராசின் சங்கிலியைச் சரிபார்க்க வந்திருந்த கொற்றி, விசாரணையை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தாள். எயினிக்கு முன்னால் ஒருவன் வந்தான். விசாரணைக்கு வரும் ஆண்களின் வழக்கப்படி மொட்டைத் தலை, இடுப்பில் கோவணம். குளத்திலிருந்து நடந்து வருவதற்குள் உடம்பு காய்ந்துவிட்டது. தட்டு தாழவில்லை. எயினியோ முழங்கால் தொடும் கூந்தலும் நனைந்த சேலையுமாக வந்தாள். தட்டு தாழ்ந்தது.

கொற்றிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, இது பாவத்தின் எடையா? தண்ணீரின் எடை! அந்தக் கூந்தலைப் பிழிந்தால் ஒரு குடம் நிறையுமே!"

"தராசு செய்கிறவள் நீ, தர்மம் பேசாதே" என்றார் அமைச்சர்.

கொற்றி ஒரு துணிப்பொதியை நிறுத்தாள். குளத்தில் முக்கி எடுத்து மறுபடி நிறுத்தாள். தட்டு தாழ்ந்தது. "இந்தத் துணி எதைத் திருடியது, ஐயா?"

"நெய்தவன் பாவியாக இருப்பான்."

எயினியை வெயிலில் நிற்கவைத்து, கூந்தலையும் சேலையையும் உலர்த்தி, மறுபடி உட்காரவைத்தாள். தட்டு அசையவில்லை. "இப்போது என்ன சொல்கிறீர்கள்?"

"வெயில் பாவத்தைச் சுட்டுவிட்டது. அதனால் அவள் திருடவில்லை என்று ஆகிவிடுமா?"

கொற்றி தலையில் அடித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் மறித்தாலும் இந்த மனிதர் ஒரு சந்து கண்டுபிடித்து நழுவுகிறாரே! இவரோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம். சுவர் பேச்சை மாற்றாது. ஆனால் எயினி நடுங்கிக்கொண்டு நின்றாள். அவளை விட்டுப் போக மனம் வரவில்லை.

"மன்னா, ஒரே ஒரு முறை நீங்கள் உட்காருங்கள்" என்றாள், அரியணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அதியரையனிடம்.

மன்னன் சற்று யோசித்தான். பிறகு எழுந்து வந்து தட்டில் உட்கார்ந்தான். குளத்தில் முங்கினான். நீண்ட குடுமியும் பட்டாடையும் சொட்டச் சொட்ட மறுபடி வந்து உட்கார்ந்தான். தட்டு தரையில் இடித்தது.

எல்லாரும் அமைச்சரைப் பார்த்தார்கள். அவருக்கு வேர்த்தது.

"மன்னருக்கு... புண்ணியம் கூடியிருக்கிறது. அந்த எடைதான் இது."

மன்னன் முகத்து நீரை வழித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அவள் தாழ்ந்தால் பாவம். அவள் தாழாவிட்டாலும் பாவம். நான் தாழ்ந்தால் புண்ணியம். அப்படியென்றால் இங்கே தராசு எதற்கு, அமைச்சரே? தீர்ப்பை நீர்தானே சொல்லிக்கொண்டிருக்கிறீர்!"

பெருஞ்சேந்தன் பதவி இழந்தார். தராசு நெற்களஞ்சியத்துக்குப் போனது. எயினியின் வழக்கில் சாட்சிகளை அழைத்து விசாரித்தார்கள். பதக்கம் காணாமல்போன அன்று அவள் ஊரிலேயே இல்லை என்று தெரிந்தது. அவளை விடுவித்தார்கள்.

நாடு கடத்திய மூவரையும் தேடி ஆட்கள் போனார்கள். இருவர் திரும்பினார்கள். ஒருத்தி எல்லைக் காட்டிலேயே காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். கொற்றி அவள் வீட்டு வாசல்வரை போனாள். அங்கேயே நின்றாள். உள்ளேயிருந்து யாரும் அவளை அழைக்கவில்லை.

எந்த விடை வந்தாலும் தான் சொன்னதுதான் சரி என்று சாதிப்பவன் உண்மையைத் தேடுபவன் அல்லன்.