எஞ்சின் தம்பி வீட்டில்

கோயம்புத்தூரில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் சுகந்தாமணியிடம்தான் போய் நிற்பார்கள். சென்னையில் ஒரு கார் கம்பெனியில் எஞ்சின் சோதிக்கும் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு, வடவள்ளியில் சொந்த வீட்டுக்குத் திரும்பி, வீட்டை ஒட்டிய கார் ஷெட்டையே ஒர்க்‌ஷாப் ஆக்கிக்கொண்டவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். யாருடைய காரையும் அவர் சரிசெய்து தர மாட்டார். காரைக் கொண்டுவந்து நிறுத்தலாம், கருவிகளை எடுத்துக்கொள்ளலாம். வேலையைக் காருக்கு உடையவரேதான் செய்ய வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்கலாம். பதில் வரும் என்று சொல்ல முடியாது.

வக்கீல் மருதாசலத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. கேட்ட கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் வாங்கியே பழகியவர். அப்பாவின் ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிய அன்றைக்கே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார்.

முதல் நாள் பானெட்டைத் தூக்கிப் பார்த்த சுகந்தாமணி, "எஞ்சின் எங்கீங்க சார்?" என்றார்.

"தம்பி வீட்ல."

"ஏனுங்க?"

"அது பெரிய கதை, மேடம்."

அவ்வளவு பெரிய கதையும் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் பழுது பார்ப்பதற்காக வெளியே எடுக்கப்பட்டு, பொள்ளாச்சியில் தம்பி குழந்தைவேலின் தென்னந்தோப்பில் இருந்தது. மீதி கார் இங்கே அண்ணன் வீட்டில். மூத்தவன் எனக்குத்தான் என்றார் மருதாசலம். அப்பாவோடு அந்த வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான் என்றார் குழந்தைவேல். காரியத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் பேச்சு தடித்தது. அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை. மருதாசலம் வழக்குப் போட்டார். ஊரார் வழக்கையெல்லாம் முடித்துக் கொடுத்தவருக்குத் தன் வழக்கு மட்டும் பத்து வருஷத்துக்கு மேலாக வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டிருந்தது.

"வேற எஞ்சின் வாங்கலாமா மேடம்?"

"வாங்கலாங்க."

அலைந்து திரிந்து புனேயில் ஒன்றைப் பிடித்து வரவழைத்தார். செயின் பிளாக்கில் கட்டி உள்ளே இறக்கினால் ஒரு துளையும் சேரவில்லை. பின்பக்கம் கியர் பாக்ஸில் இடித்துக்கொண்டு நின்றது. சட்டை முழுக்க எண்ணெயோடு மருதாசலம் திரும்பினார்.

"இது பொருந்தாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுங்க."

"சொல்லியிருக்கலாமே."

"வாங்கலாமான்னு கேட்டீங்க. பொருந்துமான்னு கேக்கலீங்களே."

கூண்டில் நிற்கும் சாட்சிகளை அவர் மடக்குகிற விதம் அது. அதையே தன்மேல் போட்டதும் அவருக்கு எரிச்சல் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி தனபாக்கியத்திடம், "அந்தம்மாவுக்குத் திமிரு" என்றார்.

"அப்ப போகாதீங்க."

"வண்டி அங்க நிக்குதே."

எஞ்சின் இல்லாமல் மற்ற வேலைகள் நடந்தன. துருவைச் சுரண்டினார். பட்டி பார்த்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி மரத்துப்போயிற்று. கதவுக்கும் பானெட்டுக்கும் சிவப்பு அடித்தார். பளபளவென்று வந்தது. அது வந்தும் அவருக்கு நிம்மதி இல்லை. உள்ளே ஒன்றுமில்லாத வண்டி எவ்வளவு பளபளத்து என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு நேராகவே கேட்டார்.

"மேடம், சுத்தி வளைக்காம சொல்லுங்க. எந்தம்பிகிட்டேருந்து அந்த எஞ்சினை எப்படி வாங்கறது?"

சுகந்தாமணி பின்சக்கரத்துக்கு மேலே துருப்பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளைக் காட்டினார். "அதுல ஒண்ணைக் கழட்டுங்க."

மருதாசலம் ஸ்பேனரை மாட்டி இழுத்தார். அசையவில்லை. ஸ்பேனரின் முனையில் ஒரு நீளக் குழாயைச் செருகி, காலை உதைத்துக்கொண்டு, முழு உடம்பையும் கொடுத்து இழுத்தார். டப்பென்று சத்தம் வந்தது. போல்ட்டின் தலை தனியாகத் தரையில் உருண்டது. மீதி உள்ளேயே இருந்துவிட்டது.

"ஒடிஞ்சிருச்சு."

"ம்."

சுகந்தாமணி அடுத்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். வந்து, ஸ்பேனரை மாட்டி, கையை மறுபக்கமாகத் தள்ளினார்.

"மேடம், அது இறுக்கற பக்கம்."

"ஆமாங்க."

கிரீச்சென்று ஒரு மயிரிழை இறுகியது. பிறகு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் வந்தது. மறுபடி இறுக்கினார். மறுபடி தளர்த்தினார். இப்படியே போய் வந்து, கடைசியில் போல்ட் கையாலேயே சுழன்று வெளியே வந்தது.

"நான் கேட்டது தம்பியைப் பத்தி," என்றார் மருதாசலம்.

சுகந்தாமணி ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு காரின் இடதுபக்கக் கதவண்டை போனார். கீல் ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கதவு தனியே வந்தது.

"பிடிங்க."

"இதை என்ன செய்யறது?"

"தம்பிகிட்டக் குடுத்துட்டு வாங்க."

மருதாசலம் கதவைப் பிடித்தபடி நின்றார். இரண்டு மாதம் தேய்த்த கதவு.

"நான் எஞ்சின் வாங்க வழி கேட்டேன். நீங்க கதவைக் குடுக்கச் சொல்றீங்க."

"ஆமாங்க."

"அவன் திருப்பித் தரலைன்னா?"

"தர மாட்டாருங்க," என்று சொல்லிவிட்டு சுகந்தாமணி ஒடிந்த போல்ட்டைத் துளைத்து எடுக்க உட்கார்ந்தார்.

கதவைத் தான் ஓட்டிவந்த காரில் போட்டுக்கொண்டு, பொள்ளாச்சி போகும் வழியெல்லாம் மருதாசலம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனார். தோப்பு வாசலில் ஹாரன் அடித்தார். குழந்தைவேல் வந்து கேட்டைத் திறந்தார். அண்ணனைப் பார்த்தார். பின்சீட்டில் கிடந்த கதவைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார். கேட்டை மட்டும் சாத்தவில்லை. மருதாசலம் கதவை ஒரு தென்னை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

"குடுத்தாச்சு," என்றார் அடுத்த வாரம், வெறுப்போடு.

"சரிங்க. இந்த வாரம் ஸ்டியரிங்."

"மேடம், விளையாடறீங்களா?"

அவர் விளையாடவில்லை. ஸ்டியரிங் போயிற்று. அப்போது மரத்தடியில் கதவு இல்லை; தேங்காய்க் கொட்டகைக்குள் ஒரு பழைய போர்வை போர்த்தி நிறுத்தியிருந்தது. தம்பி கண்ணில் படவில்லை.

தனபாக்கியத்துக்குப் பொறுக்கவில்லை. "கேஸ் போட்டு வாங்கப் போறேன்னீங்க. இப்ப இருக்கறதையும் கொண்டுபோய்க் கொட்டறீங்க. கோர்ட்ல கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அதான் எனக்கும் தெரியலை," என்றார் மருதாசலம்.

பானெட்டைக் கொண்டுபோன அன்று குழந்தைவேல் வாசலிலேயே நின்றிருந்தார். அதை இறக்க ஒரு பக்கம் பிடித்தார். வெயிலில் சாய்த்து வைத்துப் பார்த்தார். பத்து வருஷத்துக்கு மேல் மூடியிருந்த வாய் அப்போதுதான் திறந்தது.

"இது என்ன செவப்பு?"

"ஏன்? அப்பா வண்டிச் செவப்புதான்."

"இது தக்காளி. அப்பா வண்டி தக்காளியா? மாதுளம்பழத் தோலு மாதிரி கருஞ்செவப்பு. உனக்குக் கண்ணு எங்க போச்சு?"

"எனக்குத் தெரியாதா? நான்தான் அதுல காலேஜுக்குப் போனேன்."

"போனே. தொடைச்சது யாரு?"

அங்கிருந்து பிடித்துக்கொண்டது. பெயிண்டில் தொடங்கி, அப்பாவின் வைத்தியம், காரியச் செலவு, சொந்தக்காரர்கள் முன்னால் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதுவரை போயிற்று. தோப்பில் வேலை செய்தவர்கள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் மருதாசலம் தொண்டை கட்டிப்போய்க் கிளம்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குள் நுழையும்போதே கத்தினார். "தக்காளிங்கறான் மேடம். நான் பாடுபட்டு அடிச்சதைத் தக்காளிங்கறான்."

"வேற என்ன சொன்னாருங்க?"

"என்ன சொல்லலை? சாயங்காலம் வரைக்கும் திட்டினான்."

"நீங்க?"

"நானும்தான் திட்டினேன்."

"சாப்பிட்டீங்களா?"

"நடுவுல இலை போட்டுட்டாங்க. சாப்பிட்டுட்டுத்தான் மறுபடி ஆரம்பிச்சோம்."

"சரிங்க. மீட்டர் போர்டைக் கழட்டுங்க."

இந்த முறை அவர் மறுத்துப் பேசவில்லை. மீட்டர் போர்டைக் கொண்டுபோய்க் கொடுத்த மூன்றாம் நாள் காலையில், கோர்ட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் போன் அடித்தது.

"இதுல பச்சை ஒயரு எங்க போகும்?" வணக்கம் இல்லை, அண்ணா இல்லை. நேரே கேள்விதான்.

"விளக்குக்குப் போகும்னு நெனைக்கறேன்."

"நெனைச்சு நெனைச்சுத்தான் பெயிண்ட் அடிச்சே. வந்து காட்டு."

போனார். அதற்குப் பிறகு கொடுப்பதற்கு இங்கே அதிகம் இல்லை. மிச்சமிருந்த சேசிஸையும் பாடியையும் ஒரு லாரியில் ஏற்றினார்கள். சுகந்தாமணியின் ஷெட்டில் கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. மருதாசலம் அதைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"இப்ப என்கிட்ட ஒண்ணுமே இல்லை மேடம்."

"ஆமாங்க," என்றார் சுகந்தாமணி. இடத்தைக் கழுவிவிடக் குழாயைத் திறந்தார்.

தோப்பில், தேங்காய்க் கொட்டகையின் மூலையில் தார்ப்பாய்க்குள் எஞ்சின் இருந்தது. தார்ப்பாயை விலக்கியபோது மருதாசலம் துருவை எதிர்பார்த்தார். எஞ்சின் மெல்லிய எண்ணெய்ப் படலத்தோடு மினுங்கியது.

"உள்ள இறுகிப் போயிருக்குமே," என்றார்.

"இல்ல."

"எப்படிச் சொல்றே?"

குழந்தைவேல் குனிந்து கிராங்கில் ஸ்பேனரை மாட்டி மெதுவாகச் சுற்றினார். உள்ளே பிஸ்டன்கள் ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது.

"மாசம் ஒருக்கா எண்ணெய் விட்டுச் சுத்தி விட்டுருவேன்."

"இத்தனை வருஷமாவா?"

"பின்ன?"

"எதுக்கு? வண்டிதான் என்கிட்ட இருந்துச்சே."

"எதுக்குன்னா என்ன கேள்வி இது," என்று தம்பி சலித்துக்கொண்டார். "அந்தப் பக்கம் பிடி."

மருதாசலம் பிடித்தார். தன் வீட்டில் அந்த வருஷங்களில் கார் கிடந்த கதி அவருக்குத்தான் தெரியும். சீட்டுக்கடியில் பெருச்சாளி குட்டி போட்டிருந்தது. அதைத் தம்பியிடம் சொல்லவில்லை. எஞ்சினை இறக்கும்போது எல்லாத் துளையும் சேர்ந்துகொண்டது.

அடுத்த வாய்தாவில் அவர் வழக்கை வாபஸ் வாங்கினார். தம்பி கதவு, பானெட் எல்லாவற்றையும் அண்ணனைத் திரும்ப உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வைத்து, கருஞ்சிவப்பு அடித்தார். ஒரு நாள் காலையில் எஞ்சின் இருமிற்று, புகைத்தது, நின்றது, மறுபடி பிடித்துக்கொண்டது. தோப்புக் காக்கைகளெல்லாம் எழுந்து பறந்தன.

அதற்குப் பிறகு மருதாசலத்துக்கு வடவள்ளியில் வேலை இல்லை. இருந்தாலும் சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். முகத்தில் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது. சுகந்தாமணி ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள்தான் தெரிந்தன.

"மேடம், ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். உங்க பேச்சைக் கேட்டு நான் காரை இழந்தேன்."

"ஓடுதுங்களா?"

"ஓடுது. நல்லா ஓடுது. அவன் தோப்புல நிக்குது. அவன் ஷெட்டு. சாவி அவன் இடுப்புல. நான் ஓட்டறேன்னு கேட்டா, கிளட்ச்சைத் தேய்ச்சுருவேங்கறான். ஐம்பத்தெட்டு வயசுல என்னைப் பார்த்து."

"யாருங்க ஓட்டறது?"

"அவன்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும். ஆழியார் வரைக்கும் போறோம். அணைக்கட்டுல மீன் வாங்கறான், திரும்பறோம். வழியெல்லாம் எதிர்க்காத்துல கத்திக் கத்திப் பேசறான். பாதி காதுல விழறதில்லை."

"நீங்க எங்க உக்காருவீங்க?"

"எங்க உக்காருவேன்? அவன் பக்கத்துலதான்."

"பின்னாடி யாருங்க?"

"பின்னாடி ஏது மேடம்? அந்த வண்டிக்கு ரெண்டே சீட்டுதானே."

ஜீப்புக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு, தரையைத் தடவி ஸ்பேனரை எடுத்துக்கொண்டது.

"அப்ப வண்டி நெறைஞ்சிருச்சுங்க."