இருபது அடி பின்னால்

கோபி டவுனுக்கு வெளியே, வாய்க்கால் ரோட்டை ஒட்டிய மைதானத்தில் நசீமா என்றொரு மாஸ்டர் இருந்தார். பொம்பளைகளுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். மாஸ்டருக்கு வயது முப்பத்தொன்று. அவரைத் தேடி வந்த சீடருக்கு ஐம்பத்து நாலு. அதுவும் முப்பது வருசம் பைக் ஓட்டிய சீடர்.

சீடர் பேர் செங்கோடன். மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை. பதினாலு ஊருக்கு வண்டியிலேயே போய் மாடுகளுக்கு ஊசி போடுகிறவர்.

"மாஸ்டர், எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுங்க."

"ஏனுங்கண்ணா, விளையாடறீங்களா? உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே சுத்துப்பட்டு மாடெல்லாம் கட்டுத்தறியை விட்டு ஓடுமே."

"அது அப்போ."

மாஸ்டர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

செங்கோடனின் சம்சாரம் ருக்குமணி போய்ச் சேர்ந்து எட்டு மாதம். மூன்றே நாள் காய்ச்சல். அதற்குப் பிறகு ரெண்டு மாதம் வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மூன்றாம் மாதம் மனசைத் தேற்றிக்கொண்டு எடுத்தார். எடுத்தால், சனியன் பிடித்த வண்டி வலப்பக்கமாகவே போகிறது! இடப்பக்கம் போனாலாவது வயலில் விழலாம். வலப்பக்கம் பஸ் அல்லவா வரும்? வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்து, ஜன்னலில் தலையை நீட்டி, "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்தினார்.

எல்லா டிரைவரும் கேட்கிற கேள்விதான். செங்கோடனுக்கு அன்றைக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டு வர வீட்டில் யார் இருக்கிறார்கள்? ரோட்டோரம் வண்டியைச் சாய்த்துப் போட்டு ஓவென்று அழுதார்.

மெக்கானிக் மூன்று தரம் வண்டியைப் பிரித்துப் பார்த்தார். மூன்றாம் தரம் ரெண்டு கையையும் விட்டுவிட்டு நேர்கோட்டில் ஓட்டிக் காட்டினார். "வண்டில ஒரு கோளாறும் இல்லைங்கண்ணா" என்றார்.

அது வரைக்கும் பஸ் பிடித்தும், வண்டிக்காரர்களைக் கெஞ்சியும் ஊர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். இப்போது மேலதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் ஒண்ணாந்தேதி வண்டியில் வரவில்லை என்றால், ஈரோட்டு ஆபீஸில் நாற்காலி. பதினாலு ஊருக்கும் வேறு ஆள்.

"நாற்காலியில உட்கார்ந்தா நான் செத்துருவேன் மாஸ்டர். எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அந்த மாடுகதான்."

"ஒண்ணாந்தேதிக்கு எத்தனை நாள் இருக்குது?"

"பத்தொன்பது."

"ஓட்டுங்க, பார்க்கலாம்."

செங்கோடன் மைதானத்தில் நாலு சுற்று ஓட்டினார். நாலு சுற்றும் கோணல். மாஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமே நின்று பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணி பின்னால எப்படி உட்காருவாங்க?"

"எல்லாப் பொம்பளைகளும் உட்கார்ற மாதிரிதான். சேலை கட்டறவ. ஒருபக்கமா, காலை இடப்பக்கம் தொங்கப் போட்டு."

"எத்தனை வருசம்?"

"இருபத்தாறு."

"அவங்க பாரம் இடப்பக்கம் இழுக்கும். நீங்க சரிக்கட்ட வலப்பக்கம் சாஞ்சே ஓட்டினீங்க. அவங்க இல்லாமலும் சாயறீங்க."

செங்கோடன் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தார். நிஜம்தான். நின்றுகொண்டிருக்கும்போதே வலப்பக்கம் ஒரு சாய்வு இருந்தது. இருபத்தாறு வருசம் சுமந்தும் இப்படி ஒன்று நடப்பது அவருக்குத் தெரியாது.

பத்து நாள் பயிற்சி. இடது முட்டியை டேங்கோடு ஒட்ட வைத்து, தோளை மட்டமாகப் பிடித்து, சுற்றிச் சுற்றி ஓட்டினார். கூடப் பழகிய பொம்பளைகள், "அண்ணா, எங்களை இடிச்சிராதீங்க" என்று கிண்டல் செய்தார்கள். பதினோராம் நாள் மைதானத்தில் வண்டி கோடு கிழித்த மாதிரி போனது.

"ரோட்டுக்குப் போங்க" என்றார் மாஸ்டர்.

போனவர் கால்மணி நேரத்தில் திரும்பி வந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேட்டியில் சேறு.

"மறுபடியும் வலப்பக்கமா?"

"ஆமாங்க."

"எப்போ?"

செங்கோடன் குனிந்து வேட்டிச் சேற்றைச் சுரண்டினார்.

"சும்மா போகும்போது நேராத்தானே போச்சு? எதைப் பார்த்ததும் சாஞ்சுது?"

"ஒரு சோடி எதிர்ல வந்துச்சுங்க."

"என்ன சோடி?"

"புருசன் பொண்டாட்டி. அந்தப் பொண்ணு அவன் தோள்ல கையை வெச்சுட்டு வந்துச்சு. அதைப் பார்த்தேன். அவ்வளவுதான் தெரியும்."

அப்புறம் மடை திறந்துவிட்டது. செங்கோடன் கொட்டித் தீர்த்தார். எட்டு மாதமாக எந்தச் சோடியைப் பார்த்தாலும் வயிறு எரிகிறது. பெட்ரோல் பங்கில் இறங்கி நிற்கிற பொண்டாட்டியைப் பார்த்தால் எரிகிறது. எழுபது வயசுக் கிழவர் மொபெட்டில் கிழவியை வைத்துத் தள்ளாடிப் போனாலும் எரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலே பக்கத்து வீட்டு அவினாசியப்பன்.

"அவருக்கென்னங்க?"

"வெள்ளிக்கிழமை ஆனா பொண்டாட்டி தங்கமணியை ஏத்திக்கிட்டுப் பாரியூர்க் கோயிலுக்குக் கிளம்பிடறான் மாஸ்டர். என் வாசல் முன்னால நின்னு ரெண்டு தரம் ஹாரன் வேற அடிப்பான், அவ சீக்கிரம் வரட்டும்னு. அந்தச் சத்தம் கேட்டா அவன் குரல்வளையைக் கடிக்கலாம் போல இருக்குது. அவன் நல்லவன். ருக்கு போன அன்னைக்கு எனக்குச் சோறு ஊட்டினவன். ஆனாலும் எரியுது. எனக்கு இல்லாதது அவனுக்கு ஏன் இருக்கணும்?"

"ம்."

"போன மாசம் அவன் வண்டிப் பின் சக்கரத்துல காத்தைப் பிடுங்கி விட்டுட்டேன்."

மாஸ்டர் குடையை மடக்கினார். "என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? ரெண்டு பேரும் சோடியா வண்டியைத் தள்ளிக்கிட்டு, சிரிச்சுப் பேசிக்கிட்டுப் பஞ்சர் கடைக்கு நடந்து போனாங்க. முன்னையவிட அதிகமா எரிஞ்சுது."

மாஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தே விட்டார். செங்கோடனும் அழுகையோடு சிரித்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இது எப்படி அடங்கும் மாஸ்டர்? சோடியே இல்லாத ரோடு எங்கே இருக்குது?"

"நாளைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"அவினாசியப்பன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. வண்டி பழகறேன், உன் பின்னாலயே கோயில் வரைக்கும் வரட்டுமான்னு கேளுங்க. இருபது அடி விட்டு ஓட்டணும். முந்தக் கூடாது. பின்தங்கவும் கூடாது. அந்தக்கா வழியெல்லாம் என்ன செய்யறாங்கன்னு எனக்கு வந்து சொல்லணும்."

செங்கோடனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அடுத்தவன் பொண்டாட்டியைப் பார்த்துக்கிட்டே வரச் சொல்றீங்களா? நல்லா இருக்குதுங்க மாஸ்டர் நீங்க சொல்றது!"

"எட்டு மாசமா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க. ஒரு நாளைக்கு ஒழுங்காப் பாருங்க."

சொன்னபடி போய்க் கேட்டார். அவினாசியப்பனுக்கு ஒரே சந்தோசம். "அண்ணன் மறுபடியும் வண்டியை எடுக்குது, தங்கமணி!" என்று உள்ளே பார்த்துக் கூவினான். அந்தக் குரலில் இருந்த அன்புகூடச் செங்கோடனுக்கு ஆகவில்லை. இவன் சந்தோசப்படுவதற்கு என்ன, இவனுக்குத்தான் எல்லாம் இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரெண்டு வண்டியும் கிளம்பின. முன்னால் அவினாசியப்பன், பின்னால் இடப்பக்கம் காலைத் தொங்கப் போட்டுத் தங்கமணி. இருபது அடி தள்ளிச் செங்கோடன்.

முதல் கால் மைல் தூரம் நரகம்தான். தங்கமணியின் வலது கை புருசன் தோளில் இருந்தது. செங்கோடன் கண்ணுக்கு அந்தக் கை ஒன்றுதான் தெரிந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த விரல் வெளுத்துவிட்டது. இன்றைக்கும் விழப் போகிறோம் என்றே நினைத்தார்.

ஆனால் மாஸ்டரிடம் போய் என்ன சொல்வது? தோளில் கை வைத்தாள் என்று மட்டும் சொன்னால் போதுமா? ஆகவே பார்த்தார்.

தங்கமணி, வயலில் நாற்று நடுகிறவர்களில் ஒருத்தியைப் பார்த்துக் கையாட்டினாள். அவளும் சேற்றுக் கையைத் தூக்கிக் காட்டினாள். பாலத்துக் கட்டைச் சுவரில் ஓர் ஆடு ஏறி நின்று, எப்படி இறங்குவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவள் தனியாகச் சிரித்தாள். புருசன் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை. "ஆ?" என்றான். அவள் "ஒண்ணுமில்ல" என்று தலையாட்டிவிட்டு, அந்தச் சிரிப்பை மட்டும் கொஞ்ச தூரம் வைத்திருந்தாள்.

புதிதாக வெள்ளையடித்த ஒரு வீட்டைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரும்பாலைப் பக்கம் பாகு வாசம் வந்தபோது மூச்சை நன்றாக இழுத்தாள். புளியமரங்கள் வரிசையாக நிற்கிற இடத்தில், நிழலும் வெயிலும் மாறி மாறி முகத்தில் விழ, கண்ணை மூடிக்கொண்டாள். அரை மைல் தூரம் திறக்கவே இல்லை. வேகத்தடை வந்தது. அப்போதும் திறக்கவில்லை.

ருக்குமணியும் வண்டியில் போய்விட்டு வீட்டுக்கு வந்ததும் அதைப் பார்த்தேன் இதைப் பார்த்தேன் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். நானும் அந்த வழியாத்தானே வந்தேன், எனக்கெதுவும் தெரியலையே என்பார் இவர். உங்களுக்கு என்னதான் தெரிஞ்சுது என்பாள் அவள்.

கோயில் வாசலில் அவினாசியப்பன் வண்டியை நிறுத்தினான். "பூசை பார்த்துட்டுச் சேர்ந்தே போலாம் அண்ணா" என்றான். செங்கோடன் நிற்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக மைதானத்துக்கு வந்தார். வழியில் ஏழெட்டுச் சோடி எதிர்ப்பட்டது. ஒவ்வொன்றிலும் பின்னால் உட்கார்ந்திருந்தவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

மாஸ்டர் ஓர் அம்மாளுக்குப் பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். செங்கோடனைப் பார்த்ததும், அந்த அம்மாளை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு வந்தார்.

"வண்டி நேராப் போச்சுங்களா?"

செங்கோடன் முழித்தார். போகிற வழியிலும் வருகிற வழியிலும் அதைக் கவனிக்க மறந்தே போயிருந்தது. முழங்கையைத் தடவிப் பார்த்தார். புதிய சிராய்ப்பு எதுவும் இல்லை.

"போயிருக்கும் போல."

"சரி. ஒண்ணாந்தேதி மாடுக காத்திருக்குதுன்னு வெச்சுக்குங்க. எரிச்சல் அடங்குச்சா?"

"இல்லைங்க." பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "அவினாசியப்பன் மேல இல்ல இப்போ. அந்தப் பின் சீட்டு மேல. அங்க உட்கார்ந்தவ எவ்வளவு பார்க்கறா மாஸ்டர்! நான் முப்பது வருசமா போன ரோடு அது. அவ பார்த்ததுல ஒண்ணுகூட எனக்குத் தெரியாது."

"என்ன பார்த்தாங்க?"

செங்கோடன் ஒன்று விடாமல் சொன்னார். சேற்றுக் கை, ஆடு, வெள்ளையடித்த வீடு, பாகு வாசம், புளியமர நிழலில் மூடிய கண். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. கடைசியில் கத்தவே ஆரம்பித்துவிட்டார்.

"அவன் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கல மாஸ்டர்! முட்டாப்பய! முதுகுக்குப் பின்னால ஒருத்தி சிரிக்கறா, கண்ணை மூடிக்கிட்டுச் சுகமா வர்றா. இவன் பாட்டுக்கு ரோட்டையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டுப் போறான். எத்தனை பேர் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கறோம்னு தெரியாது. என்ன வெச்சிருக்கோம்னும் தெரியாது."

செங்கோடனின் குரல் சட்டென்று இறங்கியது.

"நானும் அப்படித்தான் இருந்தேன். இருபத்தாறு வருசம் என் பின்னால உட்கார்ந்து வந்தா. வண்டியில போகும்போது ருக்கு முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது மாஸ்டர். நான் பார்த்ததே இல்ல. நானும் ரோட்டைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

நிழலில் உட்கார்ந்திருந்த அம்மாள் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாஸ்டர் வாய்க்காலைப் பார்த்தபடி சொன்னார்.

"நீங்க ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்ததாலதானுங்கண்ணா, அண்ணி கண்ணை மூடிக்கிட்டு வந்திருப்பாங்க."