சிங்கம் காய்த்த சுரைக்கொடி

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயரை இன்று சொல்வாரில்லை. ஆனால் அரசவை விகடகவி திருமேனியின் கொல்லையைப் பார்த்தவர் யாரும் அதை மறந்ததில்லை. அவனும் அவன் மனைவி உலகம்மையும் அங்கே அழகுச் சுரை வளர்த்தார்கள். அன்னத்தின் கழுத்தாக வளைந்த காய்கள், கமண்டலம் போல இடை சிறுத்த காய்கள், வெள்ளை வரி ஓடிய குட்டிக் காய்கள் என்று பந்தல் நிறையத் தொங்கும். கடுங்கசப்பு, குழம்புக்கு ஆகாது. கண்ணுக்குத்தான் விருந்து.

ஒருநாள் நந்தவனத்துக்குப் புறப்பட்ட மன்னர், வழியில் அந்தப் பந்தலைப் பார்த்து நின்றவர் நின்றவர்தான். உச்சி வெயில் ஏறியதும் அப்படியே அரண்மனைக்குத் திரும்பிவிட்டார். நந்தவன அதிகாரி பதுமனார் அவருக்காகப் பூத்தட்டோடு காத்திருந்தது வீணாயிற்று. மறுநாள் அவையில் பதுமனார் எழுந்தார்.

"மன்னா, விகடகவி சொன்னபடி சுரைக்காய் கேட்கிறதாம். ஊரெல்லாம் இதே பேச்சு. அப்படியானால் தங்கள் சிங்க முத்திரையோடு ஒரு காய் காய்க்கட்டுமே. கத்தி படக் கூடாது. வண்ணம் படக் கூடாது. காயின்மீது மனிதர் கை படவே கூடாது."

மன்னருக்கு ஆசை பிறந்துவிட்டது. "திருமேனி, மூன்று மாதம் தருகிறேன். முடியாவிட்டால் பந்தலைப் பிரித்துவிட்டு நீயும் அவையை விட்டுப் போகலாம்" என்றார்.

"ஆணை, மன்னா. நீர் ஊற்றலாமா? நிழல் கட்டலாமா?"

"சொன்ன மூன்றைத் தவிர எதையும் செய்."

கொல்லைக்கு நான்கு காவலர் வந்தார்கள். உலகம்மை சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "என்னங்க, சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டீங்களே. விதை போட்டு வளர்த்தவ நான். கொடியைப் பிடுங்கினா என் உசிரைப் பிடுங்கின மாதிரி."

"காயைத் தொடாம காய்க்கு ஒரு சட்டை போட முடியுமான்னு பார்க்கிறேன்" என்றான் அவன்.

நேரே குயத்தி செம்பாயியிடம் போனான். அவள் மரச் சிங்கம் ஒன்றை ஈரக் களிமண்ணில் அழுத்தி, உள்சுவரில் சிங்கம் பள்ளமாகப் பதிந்த பானை இரண்டு செய்து சுட்டுத் தந்தாள். விரல் பருமனே இருந்த ஒரு பிஞ்சுக்குக் கீழே பானையைக் கொண்டுபோய், பிஞ்சு அதன் வாய்க்குள் இறங்கும்படி மெல்ல உயர்த்தி, பந்தலில் கட்டினான் திருமேனி. காவலர் கண்முன்னேதான் எல்லாம் நடந்தது. கை படவில்லை.

பார்வையிட வந்த பதுமனார், "பானை எதற்கு?" என்று கேட்டார்.

"கண்பட்டுவிடக் கூடாதே, ஐயா. பலர் வந்துபோகிற இடம்."

பதுமனார் சிரித்துக்கொண்டே போனார்.

அவர் சிரித்தது பலித்துவிடும் போலிருந்தது. அடுத்த வாரம் பெய்த மழையில் பானைக்குள் நீர் தேங்கி, காய் அழுகி நாறியது. திருமேனிக்கு முதல்முறையாக விகடம் வரவில்லை. பானையை எட்டிப் பார்த்த உலகம்மைதான், "தண்ணி போக வழியில்லாம எது பிழைக்கும்?" என்றாள். செம்பாயி வந்து இரண்டாம் பானையின் அடியில் நான்கு ஓட்டை துளைத்துக் கொடுத்தாள். கொடியில் மிஞ்சியிருந்த ஒரே பிஞ்சு அதற்குள் இறங்கியது. பிறகு கணவனும் மனைவியும் வேருக்கு எரு வைத்தார்கள்; நீர் ஊற்றினார்கள்; காத்திருந்தார்கள்.

கெடு முடிந்த அன்று, காம்பை மட்டும் அறுத்துப் பானையோடு அவைக்கு எடுத்துப்போனான். மன்னர் தம் வாளின் பிடியால் தட்ட, பானை ஓடு பிளந்து விழுந்தது. உள்ளே வெளிறிய பச்சை நிறத்தில் ஒரு சுரைக்காய். அதன் மார்பில் பிடரி சிலிர்த்த சிங்கம் புடைத்து நின்றது.

"சூது, மன்னா" என்றார் பதுமனார். "பானை காயைத் தொட்டிருக்கிறது."

"ஐயா சொன்னது கத்தி, வண்ணம், கை. பானையும்கூடப் போய்த் தொடவில்லை, மன்னா. அது கட்டிய இடத்தில் சும்மா தொங்கியது. காய்தான் வளர்ந்து வந்து பானையைத் தொட்டது. பானையைத் தொடாதே என்று காய்க்கு யாரும் ஆணையிடவில்லையே."

மன்னர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிப் பார்த்தார். "எல்லாம் சரி. என் சிங்கத்துக்குத் தொப்பை விழுந்திருக்கிறதே?"

"அரண்மனைச் சிங்கம் அல்லவா, மன்னா."

மன்னர் அரியணையின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தம் பட்டுச் சால்வையைத் திருமேனிக்குப் போர்த்தினார். நந்தவனத்தின் கீழைப் பகுதி முழுவதும் இனிச் சுரைப்பந்தல் என்றும், அது உலகம்மையின் பொறுப்பு என்றும், அரண்மனைக்குப் பானை செய்யும் உரிமை செம்பாயிக்கே என்றும் அறிவித்தார்.

பதுமனார் வெகுநேரம் அந்தக் காயையே பார்த்தபடி நின்றார். பிறகு திருமேனியின் அருகே வந்து, மெல்லிய குரலில் கேட்டார்:

"விதை ஊன்றினால் எத்தனை நாளில் முளைக்கும்?"