மைக்கின் முன் ஒரு வலக்கை

ஒரு ஊரில் பீடி சுற்றிப் பிழைக்கும் சுடலைவடிவுக்கு ஒரு வலக்கை இருந்தது. பொல்லாத சுறுசுறுப்பு அதற்கு. இலையை உருட்டும், நுனியை மடிக்கும், நூலைக் கட்டும். வேலை முடிந்த பிறகும் சும்மா இருக்காது.

ஒருநாள் பள்ளிக்கூட மைதானத்தில் கிராம சபை கூடியது. சுடலைவடிவு பேச எழுந்தாள். ஊருக்கு வரும் சாயங்காலப் பஸ்ஸை நிறுத்தப்போகிறார்களாம். அது நின்றால் அவள் மகள் கல்லூரிக்குப் போவதும் நின்றுபோகும். வந்திருக்கும் அதிகாரியிடம் இன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

மைக்கின் முன் வந்ததும் வலக்கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. முந்தானை கிடைத்தால் விடுமா? உருட்டியது, நுனியை மடித்தது, பிரித்தது, மறுபடி உருட்டியது. பழக்கதோஷத்தில் இடக்கையும் கூடமாட ஒத்தாசை செய்தது.

கொஞ்ச நேரத்தில் வலக்கைக்கு ஓர் ஆச்சரியம். கூட்டம் முழுக்கத் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"ஏட்டி, எல்லாரும் எதுக்கு நம்மளயே பாக்காவ?" என்று இடக்கையைக் கேட்டது.

"நம்ம வேலை சுத்தமா இருக்குல்லா, அதான்" என்றது இடக்கை.

வலக்கைக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் வேகமாக உருட்டியது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரியின் கண்கள் முந்தானையோடு மேலும் கீழும் போய்வந்தன.

சிரிப்பு எதற்கு? அதுதான் வலக்கைக்கு இடித்தது. "வடிவு அப்படி என்னத்தச் சொல்லுதா?" என்று கால்களிடம் விசாரித்தது.

நாளெல்லாம் மடங்கியே கிடந்து பழகிய கால்கள் நிற்கத் தெரியாமல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தன. "யாருக்குத் தெரியும்? எந்தப் பக்கமா ஓடலாம்னு நாங்க பாத்துக்கிட்டிருக்கோம்" என்றன.

நாக்கிடம் கேட்டது. நாக்கு எரிந்து விழுந்தது. "நீ ஆடுத ஆட்டத்துல நான் பேசுதது எனக்கே கேக்கல. ஒருக்கா சும்மா இருந்துதான் கேளேன்!"

வலக்கைக்குக் கோபம் வந்தது. ஆனால், வடிவு என்னதான் சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. முந்தானையை விட்டுவிட்டு அப்படியே தொங்கியது. இடக்கையும் விட்டது. கைகள் அடங்கியதைப் பார்த்துக் கால்களும் தரையில் அழுந்தி நின்றன.

அப்போதுதான் வடிவின் குரல் கேட்டது.

"ஐயா, பஸ் இல்லன்னா எம் மக மெயின் ரோட்டு விலக்குல எறங்கி இருட்டுக்குள்ள நடந்து வரணும். 'நடந்தே வாரேம்மா'ன்னு அவ சொல்லுதா. நான்தான் 'வேண்டாம், படிப்ப விட்டுரு, என்கூட பீடி சுத்து'ன்னுட்டேன். சொல்லிட்டு, அவ முன்னால அழக்கூடாதுன்னு அடுப்படிக்குப் போயிட்டேன்."

வலக்கை பதறிப்போயிற்று. இந்தப் பிழைப்பு அந்தப் பிள்ளைக்குமா? இத்தனை நேரம் இதை யாரும் கேட்கவிடாமல் செய்தது தான்தான் என்று நினைக்க வெட்கமாகவும் இருந்தது.



"எந்தப் பாதையம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

வலக்கை எழுந்தது. நிதானமாக, முழு நீளத்துக்கு நீண்டு, கருவேலங்காட்டுக்குள் நுழையும் மண்பாதையைக் காட்டியது.

காட்டிவிட்டு, ஆசை விடாமல் கூட்டத்தை ஒருமுறை நோட்டம் விட்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து, பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.