சிற்சபேசன் இல்லாத காலை

கொள்ளிடக் கரையில் ஒரு சிறிய மடம். அதை நடத்திய அம்மையாருக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சிற்சபேசனுக்கு ஐம்பத்தாறு. அதனால் குருவேதான் சீடரை நீங்க, வாங்க என்பார்.

சிற்சபேசன் முன்பு ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தவர். தீப்பிடித்தால், வெள்ளம் வந்தால், கரண்ட் போனால் வேலை நிற்காமல் இருக்க என்ன செய்வது என்று முன்கூட்டியே திட்டம் எழுதி வைப்பதுதான் உத்தியோகம். நடக்காததற்குக் கவலைப்பட்டே மனுஷர் இருபத்தைந்து வருடத்தை ஓட்டிவிட்டார். வேட்டி காவியான பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

மடத்தில் தினமும் மதியம் நானூறு பேருக்குச் சாப்பாடு. எதிரே இருந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையாக இருப்பவர்கள் வருவார்கள். போன மழையில் அடுக்களைக்குள் தண்ணீர் புகுந்து ஒரு நாள் சமையல் நின்றது. இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண், வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். அது சிற்சபேசனை அரித்துக்கொண்டே இருந்தது. இனி ஒருவர்கூடப் பசியோடு திரும்பக் கூடாது என்று எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினார்.

யார் யாருக்குப் போன் செய்வது, மாற்று அடுப்பு எங்கே, எது எத்தனை நிமிடத்தில் முடிய வேண்டும் என்று நூற்றுப்பத்துப் பக்கம். ஐப்பசி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது ஃபைலை அம்மையார் முன் வைத்தார்.

"ஏதாவது விட்டுப்போச்சாம்மா? எனக்கு நிம்மதியே இல்லை."

அம்மையார் புரட்டிப் பார்த்தார். "நாளைக்கு ஒத்திகை பார்த்துடுவோம்."

மறுநாள் பத்து மணிக்கு அம்மையாரே போய்க் காஸை மூடினார். சமையல் பொறுப்பில் இருந்த கோமளவல்லியிடம் ஃபைலைக் கொடுத்தார்.

"காஸ் இல்லை. சிற்சபேசனும் இல்லை."

"நான் எங்கேம்மா போனேன்?"

"போய்ச் சேர்ந்துட்டீங்க. வாங்க, மாமரத்தடியில உட்காருவோம். போனை எடுக்கக் கூடாது."

அம்மையார் கீரை ஆய ஆரம்பித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சிற்சபேசன் மடியில் போன் அடித்தது. கோமளவல்லி. அடுத்து சரக்கறைக்காரர். மறுபடி கோமளவல்லி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சந்தேகம் வந்தால் சிற்சபேசனைக் கூப்பிடவும்' என்று எழுதியவர் அவரேதான். எழுதும்போது அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

"விறகு அறைச் சாவி எங்கிட்ட இருக்கும்மா. அதைத்தான் கேக்கறாங்க. ஒரே வார்த்தை சொல்லிடறேன்."

"செத்தவர் பேசுவாரா?"

அவருக்கு வேர்த்தது. நானூறு பேர், நானூறு பேர் என்று வாய் முணுமுணுத்தது. போன் பதினேழு முறை அடித்தது.

பிறகு நின்றுவிட்டது.

அப்பாடா என்று மூச்சு விட்டார். கொஞ்சம் பொறுத்துப் போனைப் பார்த்தார். சிக்னல் இருந்தது. சார்ஜ் இருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. அம்மையாரிடம் சொல்லாமல்கூட எழுந்து ஓடினார்.

அடுக்களைப் பின்புறம் செங்கல் அடுக்கி மூன்று அடுப்பு எரிந்தது. அண்டாவில் உப்புமா. ஃபைல் ரவை மூட்டையின் மேல் கிடந்தது.

"பூட்டை உடைச்சுட்டீங்களா?"

"சாவி உங்ககிட்ட. நீங்கதான் செத்துட்டீங்களே!" என்றாள் கோமளவல்லி, கிளறுவதை நிறுத்தாமல்.

"திட்டத்துல உப்புமாவே கிடையாதே."

"அதைப் படிக்க யாருக்குங்க நேரம்? நகருங்க. சும்மா நிக்கிறதுக்கு இலையாவது போடுங்க."

பந்தி பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. நானூறு பேரும் சாப்பிட்டார்கள். ஒருவரும் பசியோடு திரும்பவில்லை. சிற்சபேசனுக்கு மட்டும் ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஃபைலை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்கு வந்தார்.

"என் திட்டம் தோத்துப்போச்சும்மா. எந்த இடத்துல திருத்தணும்?"

அம்மையார் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சாவி கிடைக்காம அவங்க தவிச்சப்ப, போன் அடிச்சுக்கிட்டே இருந்தது. உங்களால உட்கார முடிஞ்சுது. அது நின்னப்பதான் எழுந்து ஓடினீங்க. எதுக்குப் பயந்து ஓடினீங்க?"

சிற்சபேசன் ஃபைலைப் பிரித்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்த தன் பெயரை அடிக்க ஆரம்பித்தார்.